பொத்தானுக்கு முந்தைய இரண்டு நிமிடம்: பல் எக்ஸ்ரே எடுப்பவரின் வேலையும் உரிமமும்

பல் எக்ஸ்ரே எடுக்கும்போது கதிர் பாயும் நேரம் பெரும்பாலும் அரை நொடிகூட இருக்காது. டிஜிட்டல் சென்சார் என்றால் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ போதும். இதற்குப் போய் பயிற்சி, தேர்வு, சான்றிதழ், புதுப்பித்தல் என்று இத்தனை ஏற்பாடு எதற்கு என்று வேலைக்குப் புதிதாக வருபவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். உரிமம் கேட்பது உண்மையில் அந்த அரை நொடிக்காக இல்லை, அதற்கு முந்தைய இரண்டு நிமிடத்துக்காக. சென்சாரை வாயில் எங்கே வைக்கிறோம், கதிரை அனுப்பும் ட்யூபை எந்தச் சாய்வில் நிறுத்துகிறோம், நோயாளியிடம் என்ன சொல்கிறோம் என்பதெல்லாம் அந்த இரண்டு நிமிடத்தில்தான் முடிவாகிறது. அதில் பிசகினால் படம் உதவாது. மறுபடி எடுக்க வேண்டும். யாருக்கும் பயன்படாத ஒரு கதிர் அதற்குள் நோயாளியின் உடம்பில் போய்விட்டிருக்கும்.

இந்தத் தொழிலில் ஒருவரின் திறமையை அளக்க எங்களுக்குத் தெரிந்த நேர்மையான அளவுகோல் ரீடேக் கணக்குதான். நூறு படத்தில் எத்தனையைத் திரும்ப எடுத்தார், ஏன் எடுத்தார் என்பது போதும். மற்றதெல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

கதிர் எவ்வளவு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பயமும் அலட்சியமும் இங்கே சம அளவில் உலவுகின்றன. உலக சராசரியாக ஒரு மனிதர் இயற்கையிடமிருந்து ஆண்டுக்கு வாங்கும் கதிர்வீச்சு சுமார் 2.4 மில்லிசீவர்ட். அதாவது 2,400 மைக்ரோசீவர்ட். வாய்க்குள் சென்சார் வைத்து எடுக்கும் ஒற்றைப் படம் சில மைக்ரோசீவர்ட்டோடு முடிந்துவிடும். இரண்டு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும், நின்றபடி எடுக்கும் ஓபிஜி ஏறக்குறைய 3 முதல் 24 மைக்ரோசீவர்ட். முப்பரிமாணப் படம் தரும் சிபிசிடி ஸ்கேன் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. கருவியையும் படம் பிடிக்கும் பரப்பையும் பொறுத்து பத்து மைக்ரோசீவர்ட்டிலிருந்து ஆயிரம் வரை போகும்.

ஆக, ஒரு படத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் முழு வாயையும் 18, 20 படங்களாக எடுக்கும்போது எப்படி எடுத்தோம் என்பது கணக்கில் வருகிறது. கதிர் அதிகம் கேட்கும் பழைய டி-வேக ஃபிலிமும், ட்யூபின் முன்னால் நீளும் வட்டக் குழாயும் வைத்து எடுத்தால் சுமார் 390 மைக்ரோசீவர்ட். குறைந்த கதிரிலேயே பதியும் எஃப்-வேக ஃபிலிம் அல்லது தூள்பூச்சுத் தகடும் (ஸ்கேனரில் படிக்கும் டிஜிட்டல் தகடு) அதே வட்டக் குழாயும் என்றால் சுமார் 170. அந்தக் குழாய் முனையில் செவ்வக மறைப்பைப் பொருத்திவிட்டால் சுமார் 35. ஒரே வாய், ஒரே பற்கள், ஒரே படங்கள். கதிர் மட்டும் பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. 7 செ.மீ. அகல வட்டக் கதிரில் பெரும்பகுதி சுமார் 31 × 41 மி.மீ. ஃபிலிமுக்கு வெளியே கன்னத்திலும் தாடையிலும் வீணாகப் போவதுதான் முக்கியக் காரணம். செவ்வக மறைப்பு இருந்தும் அதைக் கழற்றி இழுப்பறையில் வைத்திருக்கும் கிளினிக்குகள் நிறைய. “ஓரம் வெட்டுப்படுகிறது” என்பார்கள். ஓரம் வெட்டுப்பட்டால் குறி வைப்பதில்தான் குறை. சென்சாரைப் பிடித்திருக்கும் ஹோல்டரின் வளையத்தோடு குழாயைச் சேர்த்து வைத்தால் அது நடக்காது.

இந்தக் கட்டுப்பாடுகள் எல்லாம் சும்மா வந்தவை கிடையாது. ரான்ட்கன் 1895 நவம்பரில் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த சில வாரங்களிலேயே, 1896 ஜனவரியில், ஜெர்மானியப் பல் மருத்துவர் ஓட்டோ வால்கோஃப் தன் பற்களையே படமெடுத்தார். 25 நிமிடம் அசையாமல் கிடந்தார். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த எட்மண்ட் கெல்ஸ் கதிரின் தரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் தன் கையையே ட்யூபுக்கு முன்னால் நீட்டிப் பார்த்தார். விரல்கள் போயின, பிறகு கை போனது, 1928-இல் இறந்தார். பாஸ்டனில் வில்லியம் ரோலின்ஸ் என்ற இன்னொரு பல் மருத்துவர் 1901-லேயே கினிப் பன்றிகளை வைத்துச் சோதித்து, இந்தக் கதிர் கொல்லும் என்று எழுதினார். ட்யூபை ஈயப் பெட்டிக்குள் வையுங்கள், கதிரின் அகலத்தைக் குறையுங்கள் என்றார். கேட்டவர்கள் குறைவு. இன்று உரிமத் தேர்வுகளில் வரும் கேள்விகளில் பாதி ரோலின்ஸ் அன்றே சொன்னவைதான்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாக. சுவரில் மாட்டிய சாதாரண பல் எக்ஸ்ரே ட்யூப் 60 முதல் 70 கிலோவோல்ட்டில், 4 முதல் 8 மில்லிஆம்பியரில் ஓடும். இரண்டும் பெரும்பாலும் மாற்ற முடியாதபடி நிலையாக இருக்கும். கையில் இருப்பது நேரம் மட்டும். கிலோவோல்ட்டை மாற்றும் வசதி இருந்தால், 15 கூட்டும்போது நேரத்தைப் பாதியாக்க வேண்டும். 70 கிலோவோல்ட் வரை கதிர்ப்பாதையில் மொத்தம் 1.5 மி.மீ. அலுமினியம், அதற்கு மேல் 2.5 மி.மீ. இருக்க வேண்டும். படத்துக்கு உதவாமல் தோலிலேயே நின்றுவிடும் மென்கதிர்களை வடிப்பதற்கு அது. தூரம் இரட்டித்தால் கதிரின் வலிமை நாலில் ஒன்றாகும் என்பது எல்லோரும் மனப்பாடம் செய்த விதி. ஆனால் 20 செ.மீ. குழாயைக் கழற்றி 40 செ.மீ. குழாயை மாட்டிவிட்டு நேரத்தை நாலு மடங்காக்க மறந்து, “சென்சார் கெட்டுப்போச்சு” என்று புகார் எழுதுபவர்களும் அதே விதியைப் படித்தவர்கள்தான்.

இனி வாய்க்குள் வருவோம். வேலை இருப்பது இங்கேதான்.

வேர்நுனி வரை தெரியும் படம் எடுக்க இரண்டு முறைகள். முதலாவது, சென்சாரைப் பல்லின் நீளத்துக்கு இணையாக நிறுத்தி, கதிரை இரண்டுக்கும் செங்குத்தாக அனுப்புவது. இதற்கு ஹோல்டர் வேண்டும். பலரும் பயன்படுத்தும் வண்ண ஹோல்டர்களில் நீலம் முன்பல்லுக்கு, மஞ்சள் பின்பல்லுக்கு, சிவப்பு பைட்விங்குக்கு (மேல், கீழ்ப் பற்கள் கடித்தபடி ஒன்றாகத் தெரியும் படம்), பச்சை ரூட் கெனாலுக்கு. இரண்டாவது முறையில் சென்சாரைப் பல்லோடு ஒட்டி வைத்து, இரண்டுக்கும் நடுவில் உள்ள கோணத்தைக் கற்பனையில் சரிபாதியாக வெட்டி, அந்த வெட்டுக்கோட்டுக்குச் செங்குத்தாகக் கதிரை அனுப்ப வேண்டும். 1907-இல் சீசின்ஸ்கி சொன்ன வடிவக்கணிதம் இது. முதல் முறைதான் நல்லது என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் அண்ணம் தட்டையாக இருப்பவர்கள், குழந்தைகள், வாய் திறக்க முடியாதவர்கள் என்று இரண்டாவது முறை தேவைப்படும் நாள் வந்தே தீரும்.

அந்த நாளுக்கான கோணங்கள்: மேல் முன்பற்களுக்கு 40 முதல் 50 பாகை, கோரைப்பல்லுக்கு 45 முதல் 55, முன்கடைவாய்ப் பற்களுக்கு 30 முதல் 40, கடைவாய்ப் பற்களுக்கு 20 முதல் 30, எல்லாம் ட்யூப் கீழ்நோக்கியபடி. கீழ்த்தாடையில் ட்யூப் மேல்நோக்க வேண்டும். முன்பற்களுக்கு 15 முதல் 25, கோரைப்பல்லுக்கு 20 முதல் 30, முன்கடைவாய்க்கு 10 முதல் 15, கடைவாய்க்கு 0 முதல் 5. நோயாளியின் தலை நிமிர்ந்து, படமெடுக்கும் தாடையின் கடிபரப்பு தரைக்கு இணையாக இருந்தால்தான் இந்த எண்களுக்கு மதிப்பு. நாற்காலியைச் சாய்த்துப் போட்டுவிட்டு எண்ணை மட்டும் வைத்தால் எல்லாம் பிசகும்.

கோணம் தப்பினால் என்ன ஆகும் என்பதை நம் நிழலே சொல்லும். காலை வெயில் சாய்வாக வரும்போது நிழல் நீளும். உச்சி வெயிலில் நிழல் காலடியில் சுருங்கும். அதேதான். மேல்கீழ்ச் சாய்வு குறைவாக இருந்தால் பல் நீண்டு தெரியும், வேர்நுனி படத்துக்கு வெளியே போய்விடும். சாய்வு அதிகமானால் பல் குட்டையாகும். மேல் கடைவாய்ப் பல்லில் இன்னொரு தொல்லை உண்டு: சாய்வைக் கூட்டினால் கன்ன எலும்பின் வெண்மை வேர்களின் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தப் படத்தில் வேர்நுனியில் சீழ் இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

பக்கவாட்டுக் கோணம் தப்பினால் விளைவு வேறு. பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். பைட்விங் படத்தின் நோக்கமே இரண்டு பற்கள் தொடும் இடத்தில் ஒளிந்திருக்கும் சொத்தையைப் பார்ப்பது. அந்த இடமே மூடிவிட்டால் படம் எடுத்ததற்கே அர்த்தமில்லை. பலர் செய்வது, குழாயைக் கன்னத்தின் வளைவுக்கு ஏற்ப நிறுத்துவது. பார்க்க வேண்டியது பற்களுக்கு இடையிலான சந்து எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை. உதட்டை விரலால் ஒதுக்கிக் கண்ணால் ஒரு முறை பாருங்கள். கடைவாயில் அந்தத் திசை முன்கடைவாயில் இருப்பதுபோல இருக்காது. முன்கடைவாய்ப் படத்துக்குச் சென்சாரின் முன்விளிம்பு கோரைப்பல்லின் நடுவரை வர வேண்டும், ஏனென்றால் கோரைப்பல்லின் பின்பக்கமும் தெரிந்தாக வேண்டும். கடைவாய்ப் படத்துக்கு முன்விளிம்பு இரண்டாவது முன்கடைவாய்ப் பல்லின் நடுவில். மேல்கீழ்ச் சாய்வு 10 பாகை கீழ்நோக்கி இருந்தால் போதும்.

சென்சாரை வைப்பதில் ஒரு பொதுத் தவறு, பல்லுக்கு நெருக்கமாக வைப்பது. மேல்தாடையில் அண்ணம் உயரமாக இருப்பது நடுவில்தான். அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் சென்சார் நேராக நிற்கும், நோயாளிக்கும் குத்தாது. பல்லோடு ஒட்டினால் சரிவான இடத்தில் விளிம்பு அழுத்தும், நோயாளி முகம் சுளித்துப் பாதியாகத்தான் கடிப்பார், சென்சார் கீழே இறங்கும், வேர்நுனி வெட்டுப்படும். கீழ்த்தாடையில் நாக்குக்கும் பல்லுக்கும் நடுவே இறக்க வேண்டும். வாயை ஆவென்று திறந்திருக்கும்போது வாயின் அடித்தளத் தசை விறைப்பாக இருக்கும். மெதுவாக மூடச் சொன்னால் அது தளரும், சென்சாரும் தானாக இறங்கும். பலம் கொடுத்து அமுக்குவதைவிட இந்த ஒரு வார்த்தை மேல். கடிகட்டைக்கும் எதிர்ப்பல்லுக்கும் நடுவில் பஞ்சுருளை வைத்தால் கடி உறுதியாகும். வேர்நுனிக்கு அப்பால் 2, 3 மி.மீ. எலும்பு தெரிந்தால் அது நல்ல படம்.

உமட்டல் வருபவரைச் சமாளிப்பது தனிக் கலை. முன்பற்களில் தொடங்க வேண்டும், பிறகு முன்கடைவாய், எல்லாவற்றுக்கும் கடைசியில் மேல் கடைவாய். முதல் படத்திலேயே மேல் கடைவாய்க்குப் போய் உமட்டலைக் கிளப்பிவிட்டால் அதற்குப் பிறகு கீழ் முன்பல்லுக்கே வாந்தி வரும். ட்யூபை முன்கூட்டியே ஏறக்குறைய இடத்தில் நிறுத்தி, நேரத்தையும் அமைத்துவிட்டுத்தான் சென்சாரை வாயில் வைக்க வேண்டும். அண்ணத்தில் சென்சாரை இழுத்துத் தேய்க்கக் கூடாது. மூக்கால் மூச்சு விடச் சொல்லலாம், ஒரு காலை உயர்த்திப் பிடிக்கச் சொல்லலாம், நாக்கில் கொஞ்சம் உப்பு வைக்கலாம். கவனத்தைத் திருப்புவதுதான் எல்லாவற்றிலும் உள்ள சூட்சுமம். “வாந்தி வருதா?” என்று மட்டும் கேட்காதீர்கள்.

ரூட் கெனாலிலும், எலும்புக்குள் புதைந்த கோரைப்பல்லிலும் ஒரு பொருள் கன்னப் பக்கம் இருக்கிறதா அண்ணத்தின் பக்கம் இருக்கிறதா என்று மருத்துவர் கேட்பார். ஒரே படத்தில் தெரியாது. ட்யூபைப் பக்கவாட்டில் நகர்த்தி இரண்டாவது படம் எடுத்தால் தெரியும். ட்யூப் போன திசையிலேயே பொருளும் நகர்ந்திருந்தால் அது உள்பக்கம். எதிர்த்திசையில் போயிருந்தால் கன்னப் பக்கம். கூடவே வந்தால் உள்ளே, எதிரே போனால் வெளியே. இந்த இரண்டாவது படத்தை ரீடேக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பதிவேட்டில் “கோணம் மாற்றிய படம்” என்று தனியாக எழுதுங்கள்.

ரீடேக் எடுப்பதா வேண்டாமா என்பதையும் யோசித்துத்தான் செய்ய வேண்டும். படத்தின் மூலை வெட்டுப்பட்டிருக்கலாம், கேட்ட பல்லும் அதன் வேர்நுனியும் தெளிவாக இருந்தால் விட்டுவிடுங்கள். பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக இன்னொரு முறை கதிர் கொடுக்க யாருக்கும் உரிமையில்லை. அதேபோல முதல் படம் ஏன் கெட்டது என்று தெரியாமல் இரண்டாவதை எடுக்கவே கூடாது. காரணம் தெரியாமல் எடுத்த இரண்டாவது படம் முதலாவதைப் போலவேதான் வரும்.

டிஜிட்டல் வந்த பிறகு தவறுகள் குறையவில்லை, வேறு வகைக்கு மாறின. கம்பி உள்ள சென்சார் கனமானது, வளையாது. அதனால் வைப்பது கடினம். அதன் கம்பி உடலோடு சேரும் இடத்தில்தான் முதலில் அறும். நோயாளியைக் கம்பியின் மேல் கடிக்க விடுவதும், கம்பியை இறுக்கிச் சுருட்டுவதும் காரணங்கள். மென்பொருளில் சென்சார் தயார் நிலைக்கு வராமலே பொத்தானை அழுத்தினால் கதிர் போகும், படம் வராது. இதையெல்லாம்விட மோசமானது, முந்தைய நோயாளியின் கோப்பு திறந்திருக்கும்போதே அடுத்தவரைப் படமெடுப்பது. படம் அருமையாக இருக்கும், ஆனால் வேறொருவர் பெயரில். பல்லைப் பிடுங்குவது அந்தப் படத்தைப் பார்த்துத்தான். பெயரை நோயாளியின் வாயாலேயே சொல்லக் கேட்டுத் திரையோடு ஒப்பிடுவது ஐந்து நொடி வேலை.

தூள்பூச்சுத் தகடுகளில் ஆபத்து இன்னும் நுட்பமானது. அதிகக் கதிர் கொடுத்தாலும் மென்பொருள் சரிக்கட்டி நல்ல படமாகவே காட்டும். குறைத்துக் கொடுத்தால்தான் மணல் தூவியதுபோலப் புள்ளி தெரியும். ஆகவே “எதற்கும் கொஞ்சம் கூட்டியே வைப்போம்” என்று மாதாமாதம் நேரம் ஏறிக்கொண்டே போகும், யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு பல்லுக்கும் எவ்வளவு நேரம் என்ற அட்டவணையைக் கருவியின் பக்கத்தில் ஒட்டி வைத்து, அதைத் தாண்டக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். எடுத்த தகட்டை வெளிச்சத்தில் வைத்துக் காக்க விட்டால் பதிந்தது மங்கிவிடும்; உடனே ஸ்கேனருக்குப் போக வேண்டும்.

ஃபிலிம் இன்னும் புழங்கும் இடங்களுக்கு: டெவலப்பர் 20 டிகிரி செல்சியஸில் 5 நிமிடம், தண்ணீரில் 30 நொடி, ஃபிக்ஸரில் 10 நிமிடம், ஓடும் தண்ணீரில் 20 நிமிடம். படம் வெளிறி வந்தால் டெவலப்பர் குளிர்ந்திருக்கும் அல்லது பழசாகியிருக்கும். அப்போது நேரத்தைக் கூட்டிக் கதிரை ஏற்றுபவர்களைக் கண்டால் எங்களுக்குக் கோபம் வரும். மாற்ற வேண்டியது மருந்தை. நாளாக நாளாகப் படம் பழுப்பேறினால் ஃபிக்ஸரிலும் கழுவுவதிலும் அவசரப்பட்டிருக்கிறீர்கள். ஹெர்ரிங் மீன் முள்ளைப் போன்ற வரிகளோடு வெளிறிய படம் வந்தால் ஃபிலிமைத் திருப்பி வைத்திருக்கிறீர்கள். உள்ளே இருக்கும் ஈயத்தாளின் அச்சு அது. சிவப்பு விளக்கு பாதுகாப்பானதா என்று பார்க்க, பிரித்த ஃபிலிமின் மேல் ஒரு நாணயத்தை வைத்து விளக்கடியில் இரண்டு மூன்று நிமிடம் விட்டுவிட்டுக் கழுவுங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் விளக்கு கசிகிறது. பயன்படுத்திய ஃபிக்ஸரில் வெள்ளி இருக்கிறது, சாக்கடையில் ஊற்றக் கூடாது. ஈயத்தாளையும் தனியாகச் சேர்க்க வேண்டும்.

ஓபிஜியில் எல்லாம் நிற்கும் நிலைதான். கருவி வளைவாக ஒரு பட்டையை மட்டுமே தெளிவாகப் பதிக்கும். பற்கள் அந்தப் பட்டைக்குள் நிற்க வேண்டும். முன்பற்கள் கடிகுச்சியின் பள்ளத்துக்கு முன்னால் தள்ளியிருந்தால் ஒல்லியாகத் தெரியும், பின்னால் போனால் அகன்று மங்கும். தாடையை அதிகம் தாழ்த்தினால் பல்வரிசை மிதமிஞ்சிச் சிரிக்கும், உயர்த்தினால் தட்டையாகும் அல்லது தலைகீழாகத் தொங்கும். கூன் போட்டு நின்றால் கழுத்தெலும்பின் நிழல் நடுவில் வெள்ளை முக்கோணமாக விழும். நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருக்கவில்லை என்றால் மேல் முன்பற்களின் வேர்நுனிகளை ஒரு கருப்புப் பட்டை விழுங்கும். இதுதான் நாம் அதிகம் காணும் குறை. “நாக்கை மேலே வையுங்கள்” என்றால் நுனியை மட்டும் வைப்பார்கள்; “எச்சில் விழுங்குங்கள், நாக்கு போய் ஒட்டும் இடத்திலேயே வைத்திருங்கள்” என்றால் முழு நாக்கும் ஒட்டும். கழற்றாத தோடு எதிர்ப்பக்கத்தில், கொஞ்சம் உயரத்தில், மங்கலான இரட்டையாகப் பதியும். தோள் இடிக்கும் என்று சந்தேகம் வந்தால் கதிரில்லாமல் ஒரு முறை சுழற்றிக் காட்டிவிடுங்கள்.

எடுப்பவர் எங்கே நிற்பது? சுவர் மறைப்பு இல்லாவிட்டால் நோயாளியிடமிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளி, கதிரின் திசைக்கு 90 முதல் 135 பாகைக்குள். நோயாளியின் நேர் பின்னால் நிற்பது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். முன்பல் படத்தில் கதிர் போகும் திசையே அதுதான். சென்சாரையோ ட்யூபையோ ஊழியர் யாரும் கையால் பிடிக்கக் கூடாது, ஒருபோதும். குழந்தையைப் பிடிக்க ஆள் வேண்டுமென்றால் பெற்றோர், அவர்களுக்கு ஈய அங்கி. ட்யூப் தானாகச் சரிகிறதென்றால் அதைப் பிடித்துக்கொள்ள ஆள் தேடாதீர்கள். ட்யூபைத் தாங்கும் கருவியின் கையைச் சரிசெய்யும்வரை கருவியை நிறுத்துங்கள்.

ஈய அங்கியைப் பற்றிய பேச்சு இப்போது மாறிவிட்டது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024-இல் நோயாளிக்கு அங்கியும் கழுத்துப்பட்டையும் இனி வேண்டாம் என்று பரிந்துரைத்தது. இன்றைய கதிர் குறுகலானது, உடம்புக்குள்ளேயே சிதறுவதை அங்கி தடுப்பதில்லை, படத்துக்குள் வந்து விழுந்து ரீடேக்குக்கும் வழி செய்கிறது என்பது வாதம். எங்களுக்கு இது சரியாகவே படுகிறது. ஆனால் சங்கத்தின் பரிந்துரை வேறு, உங்கள் ஊர்ச் சட்டம் வேறு. அங்கி கட்டாயம் என்று விதி இன்னும் சொன்னால் போட்டுத்தான் ஆக வேண்டும். வைத்திருப்பவர்கள் மடிக்காமல் தொங்கவிடுங்கள்; மடிப்பில்தான் ஈயம் வெடிக்கும்.

உரிமம் என்று ஒரே சொல்லால் சொல்கிறோம், உண்மையில் அனுமதிகள் நான்கு: கருவிக்கு, இடத்துக்கு, ஆளுக்கு, கடைசியாக ஒவ்வொரு படத்துக்கும். எந்த நாட்டில் எந்த அனுமதி கண்டிப்பாக இருக்கிறது என்பதுதான் வேறுபடுகிறது. “பல் எக்ஸ்ரே டெக்னீஷியன்” என்ற தனிப் பட்டம் பெரும்பாலான இடங்களில் இல்லை. பல் மருத்துவ உதவியாளர், செவிலியர், பல் சுத்தம் செய்யும் ஹைஜீனிஸ்ட் ஆகியோர் கூடுதலாக ஒரு சான்றிதழ் வாங்கி இந்த வேலையைச் செய்கிறார்கள்.

அமெரிக்காவில் 1981-இல் வந்த மத்தியச் சட்டம் எக்ஸ்ரே எடுப்பவர்களின் தகுதிக்குத் தரம் வகுத்தது, ஆனால் அதை ஏற்பதை மாநிலங்களிடமே விட்டுவிட்டது. அதனால் மாநிலத்துக்கு மாநிலம் கதை மாறும். கலிஃபோர்னியாவில் உரிமம் இல்லாத உதவியாளர் அங்கீகரித்த கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெற வேண்டும். பல மாநிலங்கள் டென்டல் அசிஸ்டிங் நேஷனல் போர்டு நடத்தும் ‘ரேடியேஷன் ஹெல்த் அண்ட் சேஃப்டி’ தேர்வை ஏற்றுக்கொள்கின்றன. 100 முதல் 900 வரையிலான அளவில் 400 எடுத்தால் தேர்ச்சி. இதில் இயற்பியல் மட்டும் வரும் என்று நினைத்துப் படிப்பவர்கள் தடுக்கி விழுவது தொற்றுத் தடுப்புக் கேள்விகளில். ஹோல்டரை உயர் வெப்பத்தில் கிருமி நீக்க வேண்டும், சென்சாருக்கு உறை போட்டு, உறை கழற்றிய பிறகும் துடைக்க வேண்டும், கையுறையோடு கணினியைத் தொடக் கூடாது. கேள்விகள் இப்படித்தான் வரும். ஒரு மாநிலச் சான்றிதழ் அடுத்த மாநிலத்தில் செல்லும் என்று நம்பி வீடு மாற்றாதீர்கள்.

பிரிட்டனில் 2017-ஆம் ஆண்டின் விதிகள் பொறுப்பை நாலாகப் பிரிக்கின்றன: வேலை கொடுப்பவர், படம் கேட்பவர், அது தேவைதான் என்று நியாயப்படுத்துபவர், எடுப்பவர். பல் செவிலியர் படமெடுக்க அடிப்படைத் தகுதிக்கு மேல் தனிப் பயிற்சி தேவை. ஐந்தாண்டுச் சுற்றில் குறைந்தது 5 மணி நேரம் இதிலேயே தொடர்கல்வி என்பது அங்குள்ள பல் மருத்துவக் கவுன்சிலின் பரிந்துரை. இந்தியாவில் 1983-இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், 2004-ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளின் கீழ் முதலில் கருவியைப் பிடிக்கிறது. வகை ஒப்புதல் பெற்ற கருவியைத்தான் வாங்க முடியும், வாரியத்தின் இ-லோரா இணையதளத்தில் பதிந்தால்தான் இயக்க முடியும். ஊழியருக்கான வரம்பு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. ஒழுங்காக நடக்கும் பல் கிளினிக்கில், கதிரை அளக்க ஊழியர் அணியும் அளவிப் பட்டை அந்த வரம்பின் பக்கமே போகாது. போனால் ஆளைவிடப் பட்டையைச் சந்தேகியுங்கள்: எக்ஸ்ரே அறையிலேயே மாட்டி வைத்துவிட்டுப் போயிருப்பார், அல்லது தனக்கு எடுத்த மார்பு எக்ஸ்ரேயின்போது கழற்ற மறந்திருப்பார்.

நாலாவது அனுமதிதான் தினமும் மீறப்படுவது. எடுப்பவரின் சான்றிதழ் எப்படி எடுப்பது என்பதற்கு. எடுக்கலாமா என்பதை முடிவுசெய்ய அதில் இடமில்லை. நோயாளியைப் பார்த்து, பழைய படங்களைக் கேட்டு, இன்ன பல்லுக்கு இன்ன படம் என்று மருத்துவர் எழுத வேண்டும். “புதுசா வர்றவங்க எல்லாருக்கும் முழு வாயும் எடுத்து வெச்சிடுங்க, நான் வந்து பார்க்கிறேன்” என்பது உத்தரவு ஆகாது, அது வழக்கம். அந்த வழக்கத்தின்படி எடுத்து, பிறகு கேள்வி வந்தால் பதிவேட்டில் இருப்பது எடுத்தவரின் கையெழுத்து. சண்டை போடத் தேவையில்லை. “எந்தப் பல்லுக்குன்னு சீட்டுல எழுதிக் குடுத்துடுங்க டாக்டர், உடனே எடுத்துடறேன்” என்று சொல்லி, சீட்டு வரும்வரை ட்யூபை மடக்கிச் சுவரோரம் தள்ளி வையுங்கள்.